மகன் ப்ரோ பாக்ஸர் ஆகிறேன் என்கிறான்: ஈஸ்ட் ஹாம் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்கா,

மகனுக்கு இருபது வயது, எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸ்ஷிப்பில் இருக்கிறான், கிளப்பில் அமெச்சூராகக் குத்துச்சண்டை போடுகிறான், இனி ப்ரோவாக, அதாவது காசுக்குச் சண்டை போடப் போகிறேன் என்கிறான், விடலாமா என்று எழுதியிருந்தீர்கள். இப்போது ஒரு மேனேஜர், "சாம்பியன் ஆவாய் என்று சொல்லமாட்டேன், ஆனால் வேலை நிறைய வாங்கித் தருகிறேன்" என்று அவனைக் கூப்பிடுகிறாராம். அந்த மனிதர் ஏமாற்றவில்லை. உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். அடிக்கடி தோற்றாலும் கூலிக்காகத் தொடர்ந்து சண்டை போடுகிற அந்த ஆளுக்கு ஜர்னிமேன் என்று பெயர்.

சின்ன ஹால் குத்துச்சண்டைக்கு டிவி பணம் வராது. லண்டன் பெத்னல் கிரீன் யார்க் ஹாலில் ஒரு சனிக்கிழமை இரவு நடக்கிற சண்டைகளுக்குச் செலவைத் தாங்குவது டிக்கெட்தான். அதை விற்பதும் ரிங்கில் ஏறுகிற பையனே. அவன் விற்ற காசில் எதிராளிக்குக் கூலி போகும். மிச்சம் இருந்தால்தான் அவனுக்கு. அவனுடைய மாமன் மச்சான் எல்லாம் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவனுக்கு நல்ல பயிற்சி கொடுத்து, அவனைப் படுக்க வைத்துவிடாமல், தானும் அடிபடாமல் நாலு ரவுண்டு ஓட்டிவிட்டுப் போகிற ஆள் தேவை. அவர்தான் ஜர்னிமேன். விலை பேசித் தோற்பது வேறு, இது வேறு. ஆனால் டிக்கெட் விற்கிற பையன்களை அடிக்கடி தோற்கடிக்கிறவருக்கு போன் வருவது குறைந்துவிடும் என்பது அந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நம்ம ஆட்கள் ஈஸ்ட் ஹாமில் இத்தனை பேர் இருக்கிறோமே, அவனே டிக்கெட் விற்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். முதல் சண்டைக்கு எல்லோரும் வருவார்கள், போட்டோவும் எடுப்பார்கள். மூன்றாவது சண்டைக்கு ஒருவரும் போனை எடுக்கமாட்டார்கள். மொய்க் கணக்கு மாதிரி இதைத் திருப்பிச் செய்யவும் முடியாது.

இந்த வேலையில் கைத்திறன் நிறைய உண்டு. நல்ல ஜர்னிமேனைக் கவனித்துப் பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருப்பார். பையன் வேகமாக வந்தால் ஒரு கையைப் பிடித்துக் கட்டிக்கொண்டு, நடுவர் பிரிக்கும்வரை மூச்சு வாங்குவார். அடிகளைத் தோளிலும் கையுறையிலும் வாங்குவார். கடைசியில் 40-36, அதாவது நாலு ரவுண்டும் பையனுக்கே. இந்தச் சண்டைகளுக்கு நடுவர் ஒருவரே புள்ளி போடுவார். அவர் பையனின் கையைத் தூக்கியதும் ஜர்னிமேன் அடுத்த சண்டைக்குத் தயாராகிவிடுவார். பர்மிங்ஹாமைச் சேர்ந்த பீட்டர் பக்லி இப்படி 300 சண்டை போட்டார், அதில் 256 தோல்வி. 2008இல் தன் 300வது சண்டையில் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். நனீட்டனைச் சேர்ந்த கிறிஸ்டியன் லைட்டும் 300 போட்டு 279 தோற்றார். அவரை நாக்அவுட் செய்தோ நடுவர் தடுத்தோ வென்ற தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய சம்பாத்தியத்தின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் பாக்ஸிங் போர்டு விதிப்படி, அடி தாங்காமல் சண்டை நிறுத்தப்பட்டால் குறைந்தது 28 நாள் ரிங்கில் ஏறக்கூடாது. புள்ளியில் தோற்றால் டாக்டர் சரி என்றால் அடுத்த வாரமே போகலாம். புருவம் கிழிந்தாலோ, ஆறும்வரை வருமானம் கிடையாது.

சரி, காசுக்கு வருவோம். நாலு ரவுண்டுக்கு 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மேனேஜருக்கு 25 சதவீதம், ட்ரெய்னருக்கு 10 சதவீதம் போனால் கையில் 780. ஸ்கன்தோர்ப்புக்கோ ஸ்விண்டனுக்கோ காரில் போய் வருகிற பெட்ரோல், வருடாந்தர மெடிக்கல், மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குள்தான். வருடத்துக்கு 25 சண்டை கிடைத்தாலும் (அது ரொம்ப அதிகம்) 19,500. முழுநேரக் குறைந்தபட்சக் கூலியே அதைவிடக் கூட. சுயதொழில் என்பதால் வரியை அவனே கட்டவேண்டும். லீவுச் சம்பளமோ கம்பெனி பென்ஷனோ கிடையாது. உங்கள் பகுதிக்காரர் ஜானி கிரீவ்ஸ் 100 சண்டை போட்டு 96இல் தோற்றவர். அவர் பிழைப்புக்குப் பெயின்டிங் வேலையும் செய்தார். பெரும்பாலான ஜர்னிமேன்களின் கதை இதுதான்.

"ஊர் சிரிக்குமே" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சிரிக்கட்டும். கூலிக்குத் தோற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்குப் பயம் அவன் தலையைப் பற்றி. 2018 பிப்ரவரியில் டான்காஸ்டரில் ஸ்காட் வெஸ்ட்கார்த் என்பவர் புள்ளிகளில் ஜெயித்து, பேட்டியும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். ஜெயித்தவருக்கே அப்படி. அது அரிதாக நடப்பதுதான். ஆனால் வருடக்கணக்கில் சின்னச் சின்ன அடிகளாகச் சேர்வது அரிதானதில்லை; அது நாற்பது வயதுக்குப் பிறகு ஞாபகத்திலும் பேச்சிலும் வெளிப்படலாம். அதில் நிறைய ஜிம்மில் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில் வாங்குவது. அதற்குக் காசும் கிடையாது, கணக்கு வைப்பவரும் கிடையாது.

அவனுக்கு 18 தாண்டிவிட்டது, ப்ரோ பாக்ஸிங் லைசென்ஸ் எடுக்க உங்கள் சம்மதம் தேவையில்லை. "கூடாது" என்றால் உங்களுக்குச் சொல்லாமல் போவான். அதனால் தடுக்காதீர்கள், தேதியைத் தள்ளுங்கள். இருபது வயதில் யாரும் ஜர்னிமேனாகத் தொடங்கத் தேவையில்லை. டிக்கெட் விற்க முடியாமல் போனவர்களும், பெரிய கனவு முடிந்துபோனவர்களும் பிறகு வந்து சேர்கிற இடம் அது. இன்னும் ஒரு வருடம் அமெச்சூராகவே இருக்கட்டும்.

அவனிடம் பேசும்போது மூளையில் தொடங்காதீர்கள், இந்த வயதில் அது காதில் ஏறாது. கையில் தொடங்குங்கள். குத்துச்சண்டைக்காரர்களுக்கு அடிக்கடி உடைவது கை எலும்பு. கையில் மாவுக்கட்டோடு யாரும் வயரிங் செய்ய முடியாது. அப்ரெண்டிஸ் பாதியில் நின்றால் இரண்டு வருமானமும் ஒரே நாளில் போகும். எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸுக்குக் கடைசிச் செய்முறைப் பரீட்சையான ஏஎம்2எஸ் எப்போது என்று கேளுங்கள். அதில் தேறி, எலக்ட்ரீஷியன் கார்டு கையில் வந்த பிறகு பாக்ஸிங் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கட்டும் என்பதுதான் நீங்கள் போடவேண்டிய ஒரே நிபந்தனை.

அப்புறம் அந்த மேனேஜரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டீ கொடுத்து, அவரிடம் இப்போது இருக்கிற ஜர்னிமேன்களில் எத்தனை பேர் போன வருடம் நாக்அவுட்டில் தோற்றார்கள், சண்டைக்கு எத்தனை நாள் முன்னால் போன் செய்வார், எடை கூடிய எதிராளி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரா என்று கேளுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள்.