பொறியியல் பள்ளியில் சமூகவியல் கட்டுரையா? பாரிஸுக்கு வரவிருக்கும் தம்பிக்கு

தம்பி, பாரிஸ் பக்கம் ஒரு பொறியியல் பள்ளியில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது. பள்ளியின் ஆய்வு வெளியீடுகளைப் புரட்டினால் மேகங்கள் ஒரு பக்கம், பொருளாதாரம் ஒரு பக்கம், நடுவில் துகள் இயற்பியல், அப்புறம் சமூகவியல். "இது இன்ஜினியரிங் காலேஜ்தானா? மெட்டீரியல்ஸ் படித்த எனக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும்?" என்று எழுதியிருந்தீர்கள். இங்குள்ள ஆய்வகங்களிலேயே பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்ஜினியரிங் காலேஜ்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் இவை அரசாங்கத்துக்கு ஆள் தயாரிக்க வந்த பள்ளிகள். பாலங்கள், சாலைகளுக்கான பள்ளி 1747, சுரங்கப் பள்ளி 1783, எக்கோல் பொலிடெக்னிக் 1794. நாட்டுக்கு எந்த அறிவு தேவைப்பட்டதோ அதெல்லாம் இந்தப் பள்ளிகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1871-இல் அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் போனதும் அங்கிருந்த வேதியியல் திறமையும் கூடவே போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்க்க 1882-இல் பாரிஸ் நகராட்சி தொடங்கிய தொழில்துறை இயற்பியல், வேதியியல் பள்ளியில்தான் 1898-இல் கியூரி தம்பதி பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் சுரங்கப் பள்ளி. பூமியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துளை போட்டுக் கிடைத்த மாதிரிகளை வைத்து, இடைப்பட்ட இடத்தில் எவ்வளவு தாது இருக்கும் என்று கணக்கிட வேண்டும். ஜார்ஜ் மாத்தெரோன் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு புவிப்புள்ளியியல் என்ற துறையையே கட்டி எழுப்பினார். 1964 வாக்கில் அவரும் அவரிடம் ஆய்வு செய்த ஜான் செராவும் லொரேன் பகுதி இரும்புத் தாதுவின் வெட்டு முகங்களை அளக்கப் போய், படங்களின் வடிவங்களை ஆராயும் தனிக் கணிதம் ஒன்று பிறந்தது. இன்று நுண்ணோக்கியில் செல்களை எண்ணுகிறவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதே பள்ளியில் பேராசிரியராக இருந்த மொரிஸ் அலே 1988-இல் பொருளாதார நோபல் வாங்கினார். புருனோ லத்தூர் 1982 முதல் 2006 வரை அங்கேதான் சமூகவியல் செய்தார். ஒரு கருவி எப்படி உருவாகி மக்களிடம் போய்ச் சேர்கிறது என்று பார்க்க, இன்ஜினியர்கள் பக்கத்திலேயே இருக்கும் இடத்தைவிட வேறு நல்ல இடம் ஏது? ஆகவே அந்தப் பட்டியலின் பன்முகம் விளம்பரத்துக்காக ஒட்டவைத்தது இல்லை.

ஆனால் அதன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த நாட்டில் ஆய்வகம் பெரும்பாலும் ஒரு பள்ளியின் தனிச்சொத்து இல்லை, கூட்டுக் குடும்பம் மாதிரி. சிஎன்ஆர்எஸ் என்ற தேசிய ஆய்வு மையம், ஒரு பல்கலைக்கழகம், ஒரு பள்ளி என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துவார்கள். ஆய்வக முகவரியில் யூஎம்ஆர் (UMR) என்று எழுதி ஒரு எண் போட்டிருக்கும், அதுதான் இது. நீங்கள் பார்த்த மேகக் கட்டுரைகள் வளிமண்டல இயக்கவியல் ஆய்வகத்திலிருந்து வந்திருந்தால், அதை சிஎன்ஆர்எஸ், எக்கோல் நோர்மால் சுப்பேரியர், பொலிடெக்னிக், சொர்போன் பல்கலைக்கழகம் நான்கும் சேர்ந்து நடத்துகின்றன. ஒரே கட்டுரை நான்கு வீட்டுக் கணக்கிலும் ஏறும்.

துகள் இயற்பியல் கதை இன்னும் வேடிக்கை. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் சேர்ன் துகள் ஆய்வு மையத்தின் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு சோதனைக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான். பொலிடெக்னிக்கின் லெப்ரன்ஸ்-ரெங்கே ஆய்வகம் போல சிஎம்எஸ் சோதனையில் பங்குள்ள ஆய்வகம் ஒன்று பள்ளிக்குள் இருந்தால், வருடா வருடம் வெளியீட்டுக் கணக்கு தானாக ஏறும். பொருளாதாரத்திலோ ஒருவர் மூன்று நான்கு வருடம் ஒரே கட்டுரையோடு மல்லுக்கட்டுவார். கணினித் துறையில் மாநாட்டுக் கட்டுரைக்குத்தான் மவுசு. இதையெல்லாம் கூட்டி வரும் தொகையை வைத்து உங்கள் மூன்று வருடத்தை முடிவு செய்யாதீர்கள்.

அதற்குப் பதிலாக இப்படிப் பாருங்கள். ஹால் (HAL) என்று ஆய்வுக் கட்டுரைகளுக்கான திறந்த இணையக் காப்பகம் ஒன்று இருக்கிறது, 2001 முதல் இயங்குகிறது. அதில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடாமல், உங்கள் ஆய்வகத்தின் பெயரையும் கைடின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். கட்டுரை, மாநாட்டு உரை, போஸ்டர், புத்தக அத்தியாயம் எல்லாம் கலந்து கிடக்கும், வகை பிரித்துப் பார்க்க வேண்டும். சிலவற்றுக்குத் தலைப்பு விவரம் மட்டும் இருக்கும், முழுக் கட்டுரை இருக்காது. 2016-இல் வந்த டிஜிட்டல் குடியரசுச் சட்டப்படி, பாதிக்கு மேல் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வென்றால், அறிவியல் கட்டுரையின் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை, கட்டுரை வெளியாகி அதிகபட்சம் ஆறு மாதம் கழிந்ததும் திறந்து வைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு, பதிப்பாளர் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரி. சமூகவியல் பக்கம் அது 12 மாதம். உங்கள் கைடு அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவரா என்று பாருங்கள்.

அடுத்தது தேஸ்.எஃப்ஆர் (theses.fr) என்ற தளம். பிரான்சில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளும் இப்போது நடந்துகொண்டிருப்பவையும் அதில் இருக்கும். கைடின் பெயரைப் போட்டால் அவரிடம் யார் யார் செய்தார்கள், எப்போது தொடங்கி எப்போது முடித்தார்கள் என்று வந்துவிடும். அந்த மாணவர்களின் பெயரை ஹாலில் தேடுங்கள். அவர்கள் முதல் ஆசிரியராக இருக்கிறார்களா, இல்லை நடுவில் எங்கோ தொங்குகிறார்களா? பள்ளியின் நூறு துறைகளைவிட இந்த ஒரு விஷயம் உங்களுக்கு முக்கியம். முடித்தவர்களில் ஒருவருக்காவது எழுதிக் கேளுங்கள். வெளியே போனவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

மதிப்பு பற்றிக் கேட்டீர்களே, அங்கே ஒரு சிக்கல் உண்டு. பல துறை கலந்த ஆய்வு என்று இங்கே எல்லோரும் மேடையில் பாராட்டுவார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியப் பணிக்குப் போட்டியிட, பொதுவாக, துறைவாரியாகப் பிரிந்த தேசிய பல்கலைக்கழகக் குழுவின் ஏதோ ஒரு பிரிவில் தகுதி பெற வேண்டும். மெட்டீரியல்ஸ்காரருக்கு அது 28-ஆம் பிரிவாக இருக்கலாம், மெட்டீரியல்ஸ் வேதியியல் என்றால் 33, இயந்திரவியல் பக்கம் என்றால் 60. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ரசனை. மூன்றிலும் ஒவ்வொரு கட்டுரை வைத்திருப்பவரை மூன்று பேரும் "நம் ஆள் இல்லை" என்று சொல்லிவிடலாம். கிடைத்த எல்லாக் கூட்டாய்விலும் உற்சாகமாகக் கை வைத்த ஒரு நல்ல ஆய்வாளர் இப்படித் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காப்பி நேரத்தில் மேகக்காரரோடும் பொருளாதாரக்காரரோடும் தாராளமாகப் பேசுங்கள், யோசனை அங்கேதான் பிறக்கும். ஆய்வேட்டுக்கு மட்டும் ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். தொழில்துறைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை பாதியாகக் குறையும்.

பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்க முடியுமா என்றால், ஆய்வுக்கு முடியும். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத அனுமதி வாங்கலாம், பிரெஞ்சுச் சுருக்கம் ஒன்று சேர்க்க வேண்டும். ஆனால் மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு பிரெஞ்சில்தான் ஓடும், எந்தக் கருவி யாருக்கு எப்போது கிடைக்கும் என்பதும் அங்கேயே முடிவாகும். முதல் வருடமே பள்ளி நடத்தும் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. மெட்டீரியல்ஸ் ஆய்வகங்கள் பல, முக்கியமான அறிவியல் தகவல் கசியாமல் காக்கும் ஸெட்எர்எர் (ZRR) என்ற கட்டுப்பாட்டு வளையத்துக்குள் இருக்கின்றன. அப்படியென்றால் கைடு சம்மதித்தாலும் போதாது, பாதுகாப்பு அனுமதி தனியாக வர வேண்டும். அதற்கு இரண்டு மாதம் வரை ஆகலாம், மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஆய்வகம் அதற்குள் வருகிறதா, விண்ணப்பம் போட்டாயிற்றா என்று இன்றே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். அந்த அனுமதியும் ஒப்பந்தமும் கையில் வரும்வரை இப்போதைய வேலையை விட வேண்டாம், டிக்கெட்டும் போட வேண்டாம்.