முகாமிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வருகிறவர்களை வேலைக்கு எடுக்கலாமா? டைம் ஆபீஸ் அக்காவிடம் கேளுங்கள்

மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் 22 வருடமாக டைம் ஆபீஸ் என் பொறுப்பு. ஆள் எடுப்பது, ஈ.எஸ்.ஐ, பி.எஃப், சம்பளம், ஓ.டி. கணக்கு, சண்டை எல்லாம் என் மேசைக்குத்தான் வந்து சேரும். எங்களிடம் ஒடிசா, பீகார்க்காரர்கள் இருக்கிறார்கள், புழல், கும்மிடிப்பூண்டி அகதி முகாம்களிலிருந்து வருகிற இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பையன்களும் இருக்கிறார்கள். இப்படி ஆள் எடுப்பதில் என்ன லாபம், என்ன தலைவலி என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மணலி லேத் பட்டறைக்காரர்: அக்கா, கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ஒரு பையன் வேலை கேட்டு வந்தான், நன்றாகவே செய்கிறான். ஆனால் எடுத்தால் போலீஸ் பிரச்சினை வரும் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையா?

உங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் அந்தப் பையனை அவரே எடுக்கப் பார்க்கிறாரோ என்னவோ. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை, அதனால்தான் இந்தக் குழப்பம். ஆனால் 1983க்குப் பிறகு வந்தவர்கள் நாற்பது வருடமாகத் தமிழ்நாட்டில் பெயின்டிங், வெல்டிங், கட்டட வேலை என்று வெளியே வேலை பார்த்துத்தான் பிழைக்கிறார்கள், அது அரசுக்கும் தெரியும். அரசு வேலைதான் கிடையாது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து அடைக்கலம் புகுந்து, முறையாகப் பதிவு செய்திருக்கிற இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு. அதைப் பக்கத்துப் பட்டறைக்காரருக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது முகாம் அடையாள அட்டை, ஆதார் இரண்டிலும் நகல் வாங்கி வைப்பது. நகல் மட்டும். அசலை வாங்கி டிராயரில் பூட்டி வைக்கிற பழக்கம் சில முதலாளிகளுக்கு இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். அப்புறம், முகாமில் குறிப்பிட்ட நாட்களில் தணிக்கை இருக்கும், அன்றைக்கு ஆள் நேரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகைக்கே சிக்கல். அந்த நாளை முன்கூட்டியே கேட்டு ஷிப்ட் போர்டில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் லீவு போட்டான் என்று கத்துவதில் பாதி இதனால் வருவதுதான்.

தண்டையார்பேட்டை தம்பி: எங்க ஏரியா பசங்க வேலை இல்லாம சுத்துறாங்க. நீங்க வெளியூர்க்காரனுக்கு வேலை கொடுக்கறத பெருமையா பேசுறீங்க. நியாயமா?

கோபம் நியாயம்தான், தம்பி. பதில் கொஞ்சம் நீளம்.

நம் பையன்களை எடுக்காமல் வெளியூர் ஆளை எடுப்பதற்குப் பல முதலாளிகளிடம் இருக்கிற உண்மையான காரணம் ஒன்றுதான்: குறைந்த கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம், கேள்வி கேட்காமல். அதைத்தான் ‘அவங்க நல்லா உழைக்கிறாங்க’ என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அந்த மாதிரி எடுப்பதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். அது வந்தவனையும் ஏமாற்றுகிறது, இங்கே இருக்கிறவன் கூலியையும் கீழே இழுக்கிறது. எங்கள் ஷெட்டில் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், அதற்காக நான் முதலாளியிடம் இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன்.

இன்னொன்று. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று முகவரி பார்த்தவுடனே விண்ணப்பத்தைத் தள்ளி வைக்கிற கம்பெனிகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. நானே வியாசர்பாடிக்காரி, எனக்கே நடந்திருக்கிறது. முகவரியைப் பார்த்து உன்னை ஒதுக்குகிறவரும், முகாம் அட்டையைப் பார்த்து அவனை ஒதுக்குகிறவரும் ஒரே ஆள்தான். கேட்டில் நீங்கள் இரண்டு பேருமே நிற்கிறீர்கள். நான் முதல் நாள் பார்ப்பது கை வேலையைத்தான். ஒரு துண்டு ஆங்கிளைக் கொடுத்து வெல்டு போடச் சொல்வேன். உனக்கு வெல்டிங் தெரியுமென்றால் வா, உன்னையும் பார்க்கிறேன்.

பெரம்பூர் வாசகி: இரக்கப்பட்டு எடுக்கிறோம் என்பதைத் தாண்டி கம்பெனிக்கு உண்மையிலேயே என்ன பயன், மேடம்?

இரக்கப்பட்டு எடுத்தால் மூன்றாம் மாதம் ‘நான்தானே உனக்கு வேலை கொடுத்தேன்’ என்று சொல்லிக்காட்டத் தோன்றும். அதனால் இரக்கத்தை ஓரமாக வையுங்கள்.

பயன் என்றால் முதலில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் ரங்கூனில் பிறந்தவர். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது லட்சக்கணக்கில் இந்தியர்கள் கிளம்பினார்கள். 1965இல் கப்பலில் வந்து இறங்கினார், கையில் ஒரு டிரங்குப் பெட்டி. இங்கே ஒரு மரவாடியில் கணக்கெழுத எடுத்தார்கள். ஆனால் அவருக்குத் தேக்கு தெரியும், கட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்வார். அந்த விஷயம் முதலாளிக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, காரணம் அதுவரை யாரும் அவரிடம் ‘அங்கே என்ன வேலை பார்த்தீர்கள்’ என்று கேட்கவே இல்லை. அவரோடு வந்தவர்களில் பலர் பீச் ஸ்டேஷன் பக்கம் கடை போட்டார்கள், 1969இல் அது பர்மா பஜார் ஆனது. இன்றைக்கு நீங்கள் வரிசையில் நின்று சாப்பிடுகிற அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் அவர்கள் கொண்டுவந்ததுதான்.

ஆகவே புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். கேட்டதால் கிடைத்தது கொஞ்சமில்லை. ஹெல்ப்பராக வந்த ஒடிசாக்காரர் ஒருவர் ஆறு வருடம் பைப் ஃபிட்டராக இருந்தவர், டிராயிங் படிப்பார். முகாம் பையன் ஒருவன் தன் சித்தப்பாவோடு பதினைந்து வயதிலிருந்து பெயின்டிங்குக்குப் போனவன், ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்தது. எங்கள் பெயின்ட் செக்ஷனில் சரியில்லை என்று மறுபடி பெயின்ட் அடிக்கிற வேலை அவன் வந்த பிறகு பாதியாகக் குறைந்துவிட்டது.

இன்னொரு பயன், நிலைத்து நிற்பார்கள். சும்மா இல்லை, நீங்கள் நியாயமாக நடந்தால். ஒருவர் தங்கினால் அவரே ஊரிலிருந்து தம்பியை, மச்சானைக் கூட்டிவருவார், அந்தப் புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் கண்டிப்பதும் அவர் பொறுப்பு. அதே கயிறு எதிர்ப்பக்கமும் இழுக்கும் என்பதை மறக்காதீர்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சட் பூஜை. அந்த வாரம் டெஸ்பாட்ச் வைத்தால் தப்பு உங்களுடையது. நான் ஆகஸ்ட்டிலேயே யார் யார் போகிறார்கள் என்று பட்டியல் போட்டுவிடுவேன். பொங்கலுக்கு அவர்கள் ஷெட்டைப் பார்த்துக்கொள்வார்கள், நாம் ஊருக்குப் போகலாம்.

எண்ணூர் சூப்பர்வைசர்: இந்திக்காரங்களுக்குப் பாதுகாப்பு விஷயத்தை எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது? எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுறாங்க.

அந்தத் தலையாட்டலை நம்பி நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். புதிதாக வந்த பையனுக்கு கிரைண்டரில் கார்டு, அதாவது வீலுக்கு மேல் போடுகிற பாதுகாப்பு மூடி, போடாமல் ஓட்டாதே என்று எனக்குத் தெரிந்த அரை இந்தியில் சொன்னேன், ‘ஹா ஜி’ என்றான், கையெழுத்தும் போட்டான். மூன்றாம் நாள் வீல் உடைந்து கன்னத்தில் ஏழு தையல். கண் தப்பியது பெரிய விஷயம். பிறகுதான் தெரிந்தது, அவன் ஜார்கண்டில் சந்தாலி பேசுகிறவன், அவன் இந்தியும் என் இந்தி மாதிரியேதான். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இந்திதான் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

இப்போது வாயால் சொல்வதே இல்லை. நான் செய்துகாட்ட வேண்டும், அவன் எனக்குச் செய்துகாட்ட வேண்டும், அது முடிந்த பிறகுதான் கேட் பாஸ். கிரேனுக்குக் கை சைகை எல்லாருக்கும் ஒன்றே. ‘நிறுத்து’ என்பதை மட்டும் தமிழிலேயே எல்லாரும் படிக்க வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் நம் வாயில் அதுதான் வரும். முகாம் பையன்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, தமிழ்தானே. ஆரம்பத்தில் எங்கள் ஃபோர்மேன், ஒருவன் எல்லாவற்றுக்கும் ‘ஓம், ஓம்’ என்பதைக் கேட்டு ரொம்ப பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இலங்கைத் தமிழில் அது ‘ஆமாம்’.

செங்குன்றம் காண்ட்ராக்டர்: ஈ.எஸ்.ஐ, பி.எஃப் எல்லாம் நிரந்தர ஆளுக்குத்தானே? இவர்கள் நாளைக்கே போய்விடுவார்களே?

இல்லை. பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ, 21,000 வரை சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும். உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. இருபது பேர் என்றால் பி.எஃப். ஆளை நீங்கள் கொடுத்தாலும், கட்டவில்லை என்றால் வேலை வாங்குகிற கம்பெனியின் கழுத்தில்தான் விழும், அதனால் என்னைப் போல ஒருத்தி எப்படியும் உங்களிடம் சலான் கேட்பாள். போகிறவர்தானே என்று விடாதீர்கள், ஊரில் இருக்கிற அவர் குடும்பமும் அங்கே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெயரை ஆதாரில் இருப்பது போல எழுத்து மாறாமல் ஏற்றுங்கள். பழைய யூ.ஏ.என்., அதாவது ஒரு ஆளுக்கு ஒன்றே இருக்க வேண்டிய பி.எஃப். எண், இருக்கிறதா என்று கேட்காமல் ஒவ்வொரு கம்பெனியும் புது எண் போட்டு, ஒரே ஆளுக்கு நான்கு எண் இருப்பதை அவிழ்ப்பதில் என் பாதி சனிக்கிழமைகள் போயின.

திருவொற்றியூர் வாசகர்: 2023 மார்ச்சில் வந்த வதந்தியின்போது உங்களிடம் எத்தனை பேர் ஓடினார்கள்?

தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியதைச் சொல்கிறீர்கள். ஹோலியும் அதே வாரம், எனவே யார் பயந்து போனார்கள், யார் பண்டிகைக்குப் போனார்கள் என்று பிரிக்க முடியவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: ஊரிலிருந்து போன் வந்தவர்களை ஷெட்டில் நிற்கவைத்து அம்மாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். நானும் ஃப்ரேமில் நின்று கையசைத்தேன்.

முகாம்காரன்: அக்கா, நான் புழல் முகாம். மெக்கானிக்கல் பி.இ. முடித்து மூன்று வருடம். இன்டர்வியூ எல்லாம் நன்றாகப் போகும், டாகுமென்ட் கேட்கும்போது முடிந்துவிடும். இப்போது பெயின்டிங்தான்.

தம்பி, உன்னைப் போல பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும். பெரிய கம்பெனிகளில் ஆள் எடுக்கிறவருக்கு உன் அட்டையைப் பார்த்து முடிவெடுக்கிற அதிகாரமே இருக்காது, அவர் மேலே கேட்பார், மேலே இருப்பவர் வம்பு வேண்டாம் என்பார். அதனால் முதலாளியே உட்கார்ந்து ஆள் எடுக்கிற நடுத்தரக் கம்பெனிகளாகப் பார். முகாம் என்பதைக் கடைசிவரை மறைக்காதே, முதல் போனிலேயே சொல்லிவிடு. மறுப்பவர் அன்றே மறுத்துவிடுவார், உனக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

உன் வீட்டில் யாராவது 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவரா என்று பார். அதற்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் அதைச் சொல்லித்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார், 2022இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். உனக்கு நேரடியாக உதவாமல் போகலாம், நீ பிறந்த வருடம் பிந்தியிருக்கும். ஆனாலும் வீட்டில் கேட்டுப் பார், பெற்றோரில் ஒருவர் அந்தக் கணக்கில் வந்தால் ஒரு வக்கீலிடம் உன் விஷயத்தையும் காட்டலாம்.

உன் மார்க் ஷீட்டை எனக்கு அனுப்பு. எங்கள் குவாலிட்டி செக்ஷனில் ஓர் ஆள் மே மாதம் போகிறார்.

மாதவரம் கிடங்கு மேனேஜர்: மேடம், எனக்கும் எட்டுப் பேர் வேண்டும். நைட் ஷிப்ட். யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், தங்க இடம் உண்டா, ஓர் அறையில் எத்தனை பேர், நைட் முடிந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிக்க ஆட்டோ நீங்கள் போடுவீர்களா? ஐந்தையும் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.