மாடியில் ரூம் கட்டுவதா, கிச்சனைச் சரிசெய்வதா? கையில் இருப்பது 7 லட்சம்

கேள்வி: திருச்சி கே.கே. நகர் பக்கம் சொந்த வீடு. 2009-ல் கட்டியது, 850 சதுர அடி, இரண்டு பெட்ரூம். நான், கணவர் (46 வயது), ஒன்பதாவது படிக்கும் மகன், ஆறாவது படிக்கும் மகள். மாமனார் தவறிய பிறகு மாமியாரும் எங்களோடு வந்துவிட்டார், அவருக்கு முட்டிவலி. இடம் போதவில்லை. மாடியில் 320 சதுர அடியில் ஒரு ரூம், பாத்ரூம், வெளிப் படிக்கட்டு எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம் என்கிறார் மேஸ்திரி. இன்னொரு பக்கம் கிச்சன் படுமோசம். சிங்க் பக்கத்துச் சுவர் ஊறி, அந்தப் பக்கம் இருக்கும் பெட்ரூமில் பெயின்ட் உதிர்கிறது. மாடுலர் கிச்சனாக மாற்ற 4.25 லட்சம் கேட்கிறார்கள். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 82,000. வீட்டுக் கடனில் 3.6 லட்சம் பாக்கி, இ.எம்.ஐ. 11,500, இன்னும் 3 வருஷம். எஃப்.டி. 7 லட்சம் இருக்கிறது. எல்லாச் செலவும் போக மாதம் 13,000 மிஞ்சும். மாடி கட்டினால்தான் வீட்டு மதிப்பு ஏறும், குறைகிற பணத்துக்கு பெர்சனல் லோன் போடலாம், இல்லாவிட்டால் பி.எஃப்.-ல் எடுக்கலாம் என்கிறார் கணவர். எனக்குக் கிச்சன்தான் முதலில் என்று தோன்றுகிறது, ஆனால் என் வசதிக்காகச் சொல்கிறேனோ என்றும் இருக்கிறது. எது சரி?

பதில்: கிச்சன்தான் முதலில். உங்கள் வசதிக்காகச் சொல்கிறீர்கள் என்ற குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள், ஐந்து பேருக்கு மூன்று வேளையும் சமையல் நடக்கிற இடம் அது, அதோடு இதில் வசதியைவிடப் பெரிய விஷயம் அந்த ஊறிய சுவர். ரூம் கட்டுவதை மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் சிமென்ட், கம்பி, கூலி ஏறும், அவ்வளவுதான் நஷ்டம். தண்ணீர் இறங்குகிற சுவரைத் தள்ளிப்போட்டால் அது சும்மா இருக்காது, பூச்சு உப்பி உதிரும், ஒயரிங் பைப்புக்குள் ஈரம் போகும், கரையான் வரும். இன்று ஒரு சுவரோடு முடிகிற வேலை நாளைக்கு இரண்டு அறைக்குப் பரவும்.

ஆனால் 4.25 லட்சத்துக்கு வேண்டாம். அந்தக் கொட்டேஷனை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சுவரை உடைத்துப் பழைய குழாயை மாற்றுவது, சிங்க் கழிவுநீர் லைன், வாட்டர்ப்ரூஃப் பூச்சு, டைல்ஸ், கிரானைட் மேடை, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சரியான பிளக் பாயின்ட், எக்ஸாஸ்ட் ஃபேன், இதெல்லாம் ஒரு பக்கம். கதவு, டிராயர், கூடை, லாஃப்ட் மூடி, சிம்னி என்று பளபளப்பாக வருவதெல்லாம் இன்னொரு பக்கம். இப்படிப் பிரித்தால் பெரும்பாலும் முதல் பாதி சின்னதாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு அதற்கு 1.75 லட்சம் ஒதுக்குங்கள், அதற்குள் முடியும்படி டைல்ஸையும் கிரானைட்டையும் தேர்ந்தெடுங்கள். மேடைக்கு அடியில் இப்போதைக்குக் கடப்பா கல் தட்டு போதும். மூன்று வருஷம் கழித்து டிராயர் வைக்க வேண்டும் என்றால் அப்போது வைக்கலாம், அதற்காகச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. எப்போது வைத்தாலும் பார்ட்டிக்கிள் போர்டு வேண்டாம், சிங்குக்கு அடியில் அது ஊறி வீங்கிவிடும். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதுதான் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, சுவரை உடைக்கிற அன்றே மாடியைப் பற்றியும் யோசித்துவிடுங்கள். பின்னால் மாடியில் பாத்ரூம் வரும் என்றால் அதற்கான தண்ணீர் லைனும் கழிவுநீர்க் குழாயும் எந்த வழியாக வரும் என்று இப்போதே குறித்து, பைப்பைப் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் வேலை. இதை விட்டால் புது டைல்ஸை உங்கள் கையாலேயே உடைக்க வேண்டிவரும்.

சரி, மாடிக்கு வருகிறேன். மேஸ்திரி சொன்ன ஒன்பதரை லட்சத்தில் என்னென்ன இல்லை என்று கேளுங்கள். தண்ணீர் டேங்கை இடம் மாற்றுவது, மொட்டை மாடியில் பதித்த தட்டு ஓட்டை உடைத்த இடத்தில் திரும்ப ஒழுகாமல் செய்வது, வெளிப்பக்கப் பெயின்ட், மாநகராட்சி அனுமதிக் கட்டணம், இவற்றில் பாதி அவர் கணக்கில் இருக்காது. 15 சதவீதம் கூட்டி 11 லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் சொல்கிறபடி எஃப்.டி. 7 லட்சத்தையும் எடுத்து, 4 லட்சத்துக்குப் பெர்சனல் லோன் போட்டால், 14 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு மாதம் சுமார் 9,300 கட்ட வேண்டும். இப்போது மிஞ்சுகிற 13,000-ல் அது போனால் கையில் 3,700. எஃப்.டி. பூஜ்யம். மாமியாருக்கு வயதாகிவிட்டது, மகனுக்கு அடுத்த வருஷம் பத்தாவது. இந்த நிலைமையில் ஒரே ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் நகையைத்தான் அடகு வைக்க வேண்டியிருக்கும். இதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

பி.எஃப்.-ஐயும் தொடாதீர்கள். 2024-25-க்கு அதில் 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். இதே விகிதம் தொடர்ந்தால், இன்று எடுக்கிற 4 லட்சம் உங்கள் கணவரின் 58 வயதில் 10 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அவர் ஓய்வு பெறும்போது உங்கள் மகளின் படிப்பு முடிந்து சில வருஷம்தான் ஆகியிருக்கும், அந்தப் பணம் அப்போது வேண்டும்.

மதிப்பு ஏறும் என்கிறாரே, அது பாதிதான் உண்மை. 2009-ல் கட்டிய தனி வீட்டை வாங்க வருகிறவர் முதலில் மனைக்குத்தான் விலை பேசுவார், கட்டடத்துக்கு வயதைக் கழித்துக்கொண்டு ஏதோ ஒரு தொகை போடுவார். 11 லட்சம் போட்ட ரூமுக்கு 11 லட்சம் திரும்பி வராது. வாடகைக்கு விடலாம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், மனை ஏற்கெனவே உங்களுடையது என்பதால் மாதம் 6,000 வந்தால்கூட போட்ட பணத்துக்கு வருஷம் 6.5 சதவீதம். அதற்கும் வெறும் ரூமாகக் கட்டினால் சரிவராது, சின்ன சமையல் மேடைக்கு இடம் விட்டால்தான் குடும்பத்துக்குப் போர்ஷனாக விட முடியும். தனி மீட்டர் வேண்டும், சொத்து வரியும் கூடும்.

எல்லாவற்றையும் விட ஒன்று என்னை உறுத்துகிறது. முட்டிவலி உள்ள மாமியார் மாடிக்கு ஏறப்போவதில்லை. அப்படியானால் ரூம் மகனுக்கு. அவன் மூன்றரை நான்கு வருஷத்தில் கல்லூரிக்குப் போய்விடுவான், வெளியூரில் இடம் கிடைத்தால் ஹாஸ்டல். கட்டி முடிக்கவே ஆறு மாதம் ஓடிவிடும். அவன் அங்கே இருக்கப்போகிற மூன்று வருஷத்துக்காக வீட்டின் மொத்தச் சேமிப்பையும் போட வேண்டுமா என்று கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை பெரிய பெட்ரூமை மாமியாருக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டு, ஹாலில் ஒரு மூலையைத் தடுத்து மகனுக்கு மேஜையும் கட்டிலும் போட முடியுமா பாருங்கள். எழுதுவது சுலபம், அந்த வீட்டில் இருக்கிற உங்களுக்குத்தான் அந்த நெருக்கடி தெரியும். ஆனாலும் இதற்குச் சில ஆயிரங்கள்தான்.

கிச்சனுக்கு 1.75 லட்சம் எடுத்தால் எஃப்.டி.-யில் 5.25 லட்சம் இருக்கும். உங்கள் மாதச் செலவு 69,000, ஆறு மாதத்துக்கு 4.14 லட்சம். அதை அப்படியே விட்டுவிடுங்கள், எதற்கும் எடுக்காதீர்கள். மிஞ்சும் 13,000-ல் 10,000-ஐ ஆர்.டி.-யில் போட்டால் மூன்று வருஷத்தில் வட்டியோடு 4 லட்சத்தை நெருங்கும். எஃப்.டி.-யில் உபரியாக நிற்கும் 1.1 லட்சமும் சேர்ந்தால் 5 லட்சம். அதே சமயம் வீட்டுக் கடன் முடியும், மாதம் 11,500 விடுபடும். அப்போதும் ரூம் வேண்டும் என்று தோன்றினால், வங்கியில் வீட்டை விரிவாக்குவதற்கென்றே தருகிற கடனைக் கேளுங்கள், வட்டி பெர்சனல் லோனைவிட நன்றாகக் குறையும். 9 சதவீதம் என்று வைத்தால் 6 லட்சத்துக்கு 5 வருஷ இ.எம்.ஐ. சுமார் 12,450, இன்று நீங்கள் கட்டிப் பழகிய தொகையை ஒட்டித்தான் வருகிறது. மகனின் கல்லூரிச் செலவு எவ்வளவு என்பதும் அதற்குள் தெரிந்துவிடும், அது பெரிதாக இருந்தால் இந்த 5 லட்சம் அதற்குப் போகட்டும்.

கடன் வாங்கினால் வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். புதிய வரிமுறையில் இருந்தால் நாம் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலும் பழுதுபார்க்க, புதுப்பிக்க வாங்கிய கடனுக்கு வட்டியில் வருஷம் 30,000 வரைதான். ஆனால் மாடி கட்டினால் ஒவ்வொரு பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரிக் கணக்கில் அந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மொட்டை மாடிக்குப் போய் 2009-ல் பில்லருக்கு மேலே கம்பி நீட்டி விட்டிருக்கிறார்களா, துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்லரே இல்லாமல் சுவர் மேல் நிற்கிற வீடு என்றால் மாடிக் கணக்கே வேறு. மேஸ்திரி பார்த்தால் போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி எழுத்தில் வாங்குங்கள், அவருக்குக் கொடுக்கிற சில ஆயிரம் வீணாகாது. அவர் சொல்லும்வரை மாடிக்காக மேஸ்திரிக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தராதீர்கள். கிச்சன் வேலைக்கும் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம், பைப் போட்டு முடித்ததும் சுவரை மூடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை விட்டுப் பாருங்கள், கசிவு இல்லை என்றால் அடுத்த தவணையைக் கொடுங்கள்.