கௌதாரி எங்கும் பறந்துவிடவில்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 1998 முதல் குழந்தைப் பாடல்கள் எழுதி, கணினியில் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் சின்னச் சின்ன நூல்களாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறேன். என் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காதாம். தூக்கிப்போடச் சொல்கிறான் மகன். அவனுடைய மடிக்கணினியில் என் கௌதாரிப் பாட்டைத் திறந்தால், கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் வருகின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் உட்கார எனக்குத் தெம்பில்லை. பேசாமல் நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நோட்டுப் புத்தகத்துக்குத் தாராளமாகத் திரும்புங்கள், டீச்சர். பாட்டு எழுத அதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு போகாதீர்கள். 1998 முதல் எழுதிய பாடல்கள் அந்தப் பழைய பெட்டிக்குள் உயிரோடுதான் இருக்கின்றன. முதலில் அவற்றை வெளியே எடுப்போம். புதுக் கணினி வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு அதற்குப் பிறகு.

அந்தக் கொம்பு முளைத்த எழுத்துகளைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் பயந்தவன்தான். நடந்தது இதுதான்: அந்நாளைய தமிழ் எழுத்துருக்களில் பல, ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட எண்களில் நம் எழுத்துகளைக் குடிவைத்தன. எண் அவர்களுடையது, உருவம் நம்முடையது. மகனின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் எண்ணுக்குச் சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை. உங்கள் கணினியிலிருந்து அதே எழுத்துருவை எடுத்துப்போய் அங்கே நிறுவி, பாட்டு முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் கௌதாரி திரும்பி வந்துவிடும்.

இதில் இன்னொரு தலைவலி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொதுத் தரம் வகுத்தது. ஆனாலும் பழைய முறைகளை யாரும் உடனே விட்டுவிடவில்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறை பரவிய பிறகுதான் எல்லாக் கணினிக்கும் ஒரே எண் கணக்கு என்ற நிம்மதி வந்தது. அதனால் நீங்கள் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கணினி மேலேயே ஒட்டிவையுங்கள். பாடல்களை யூனிகோடுக்கு மாற்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எந்த முறையிலிருந்து மாற்றுவது என்பதற்கு அந்தப் பெயர்தான் துப்பு.

அதற்கும் முன்பாக, இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய கணினியில் பேஜ்மேக்கர் இயங்கும்போதே ஒவ்வொரு நூலையும் திறந்து, அச்சிடும் கட்டளையில் பிடிஎஃப் என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். எழுத்துருவும் அதற்குள்ளேயே பதிந்துவிடுவதால் எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் அப்படியே இருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது; அதற்கு இனி புதுப் பதிப்பு கிடையாது. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்புகளைத் திறக்கும். ஆனால் படமும் பாட்டும் இடம் மாறி உட்காரலாம். பாட்டை மீட்க அது போதும், அழகை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றுங்கள். ஒன்று உங்களிடம், மற்றொன்று மகனிடம். என் நாடகங்களை ஃபிளாப்பி எனும் நெகிழ்வட்டுகளில் போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் வட்டெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. இரண்டாம் பிரதி எடுக்காத சோம்பேறித்தனம் என்னுடையது.

கணினிக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 என்று நினைக்கிறேன். அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. கணினி அதனால் நின்றுபோவதில்லை. வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. ஆகவே பழைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். அதற்கப்புறம் அது வெறும் தட்டச்சு இயந்திரம். மின்சாரம் இருக்கும்வரை, பாகங்கள் உழைக்கும்வரை உழைக்கட்டுமே. தூக்கிப்போடச் சொல்பவர்களிடம், வீட்டில் அம்மிக்கல் இன்னும் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள்.

புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் பாட்டு ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே திறந்துகாட்டச் சொல்லுங்கள். பாட்டு எழுத விலை உயர்ந்த கணினி தேவையில்லை. கடைக்காரர் விளையாட்டுக்கான கணினியைக் காட்டினால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். விரல்கள் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு விசைமுறையும் உண்டு. ஒன்றாம் வகுப்பு என்று எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ, அதில் பாதி நமக்குத் தேவையே இல்லாத பாடம். கோப்பைத் திறக்க, சேமிக்க, அச்சிடத் தெரிந்தால் உங்கள் பொழுதுபோக்குக்குப் போதும். மற்றவற்றைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'கௌ' எழுத அந்நாளில் நம்மில் பலர் ஒற்றைக்கொம்பு, ககரம், பிறகு ளகரம் என்று அடித்தோம். யூனிகோடுக்கு மாற்றினாலும் அந்த ளகரம் தனி எழுத்தாகவே நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினியில் கௌதாரியைத் தேடினால் அகப்படாது. ஒரே கட்டளையில் எல்லா இடத்திலும் திருத்திவிடலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். கௌதாரிக்குச் சிறகு முளைக்கும், ஆனால் அடுத்த பாட்டில் மேயும் வெள்ளாட்டுக்குக் கால் ஒடிந்துவிடும். வெள்ளாட்டிலும் அதே கொம்பும் ளகரமும் உண்டு, அங்கே அது உண்மையான ளகரம். ஒவ்வோர் இடமாகக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். நோட்டுத் திருத்திய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.