பின்னணிப் பணி தோற்றால் யாரிடம் சொல்வது? வேர்ட்பிரஸ் கேள்வி-பதில்

ஆசிரியர்கள் ஏற்றும் சிஎஸ்வி கோப்பை எங்கள் பிளகின் பின்னணியில் இறக்குமதி செய்கிறது. பிழை வந்தால் அட்மின் நோட்டீஸ் (டாஷ்போர்டின் மேலே வரும் அறிவிப்பு) காட்டும்படி எழுதியிருக்கிறேன். ஒருநாளும் தெரிந்ததில்லை. ஏன்?

அந்த நோட்டீஸ் தெரிய வாய்ப்பே இல்லை. பின்னணிப் பணிகளை ஓட்டும் வேர்ட்பிரஸ் வசதியான டபிள்யூபி-கிரான் தனிக் கோரிக்கையாக ஓடுகிறது. கோப்பை ஏற்றியவர் அங்கே இல்லை. நடப்புப் பயனர் யார் என்று கேட்டால் 0 என்றுதான் விடை வரும். எனவே பணியை வரிசையில் சேர்க்கும்போதே பயனர் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். பணி தோற்றால் அவருடைய யூசர் மெட்டாவில் (பயனர்வாரியாகத் தகவல் சேமிக்கும் இடம்) செய்தியை எழுதி வையுங்கள். அடுத்த முறை அவர் டாஷ்போர்டுக்கு வரும்போது நோட்டீஸ் அதை எடுத்துக் காட்டட்டும். காலக்கெடுவோடு தற்காலிகமாகச் சேமிக்கும் டிரான்சியன்ட் போதுமே என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன், அது கெடு முடியும் முன்பே மறைந்துபோகலாம்.

இன்னொன்று: நோட்டீஸின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறி, திரையிலிருந்து மட்டுமே செய்தியை நீக்கும். மெட்டாவை நீங்கள்தான் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் அதே செய்தி வந்து நிற்கும். இரண்டு நாளில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள்.

பிழை வரும்போது நிரல் எழுப்பும் எக்ஸெப்ஷன் தரும் வாசகத்தை அப்படியே காட்டலாமா?

வேண்டாம். கோப்புப் பாதை, தரவுத்தள டேபிள் பெயர் எல்லாம் அதில் வெளியே வரும். ஆசிரியருக்கு அவற்றால் பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: “212 வரிகளில் 209 ஏறிவிட்டன. 14, 88, 140 ஆகிய வரிகளில் தேதி இல்லை. திருத்தி, அந்த மூன்றை மட்டும் மீண்டும் ஏற்றவும்.” முழு விவரம் பணி எண்ணோடு லாக்கில் இருக்கட்டும். ஆனால் வேர்ட்பிரஸ் பிழைகளைப் பதியும் டீபக் லாக் கோப்பு இயல்பாக டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில்தான் உருவாகிறது. தடுக்காத சர்வரில் எவரும் பிரவுசரிலேயே திறந்து படித்துவிடலாம். வேர்ட்பிரஸ் 5.1 பதிப்பிலிருந்து லாக் கோப்பின் பாதையை நாமே குறிக்க முடியும். தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே மாற்றிவிடுங்கள்.

இரவு 8 மணிக்குக் குறித்த கட்டுரை வெளியாகவில்லை. ‘மிஸ்டு ஷெட்யூல்’ (குறித்த நேரம் தவறியது) என்றிருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லையே?

கட்டுரையை வெளியிடும் பணி ஓடவே இல்லை. பிறகு யார் செய்தி எழுதுவது? யாராவது தளத்துக்கு வந்தால்தான் டபிள்யூபி-கிரான் விழிக்கும். பேஜ் கேஷ் (சேமித்து வைத்த பக்கத்தையே காட்டும் வசதி) இருந்தால் வருகை வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி வரை போகாமலும் இருக்கலாம். வருகையால் டபிள்யூபி-கிரான் விழிப்பதைக் கான்ஃபிக் கோப்பில் முடக்கிவிட்டு, சர்வரின் சொந்தக் கிரான் (நேரப்படி பணிகளை ஓட்டும் வசதி) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை அழைக்கும்படி செய்யுங்கள். கடைசியாகப் பணி வெற்றிகரமாக முடிந்த நேரத்தையும் சேமித்து வையுங்கள். அது பழையதாகிவிட்டால் நோட்டீஸ் காட்டலாம்.

ஒவ்வொரு தோல்விக்கும் மின்னஞ்சல் அனுப்பலாமா?

கூடாது. இணைப்பு அறுந்த மாதிரி தற்காலிகத் தடங்கல் என்றால், இடைவெளி விட்டுச் சில முறை பணியே மீண்டும் முயலட்டும். கடைசி முயற்சியும் தோற்றால் ஒரே ஒரு மின்னஞ்சல் போதும்.