தெருமுனையில் நாலு நாய், கையில் ஒரு லேப்ரடார்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. ஆண், 32 கிலோ. இரவு ஒன்பதரை மணிக்கு வாக்கிங் கூட்டிப் போவேன். அடுத்த தெரு முனையில், குப்பைத்தொட்டி பக்கம் நான்கு தெருநாய்கள் இருக்கின்றன. ஒரு மாதமாக எங்களைக் கண்டாலே பாய்ந்து வருகின்றன. நான் தனியாகப் போனால் ஒன்றும் செய்வதில்லை. "தடி எடுத்துப் போய் ரெண்டு போடு" என்கிறார் கணவர். "பெல்ட்டை அவிழ்த்து விடுக்கா, அதுவே பார்த்துக்கும்" என்கிறான் தம்பி. அவற்றுக்குத் தினமும் சோறு வைக்கும் அம்மாவிடம் சண்டை போடவும் மனமில்லை. வாக்கிங்கையே நிறுத்திவிடலாமா?
பின்குறிப்பு: முந்தாநாள் ஒன்று இவன் காதைக் கவ்விவிட்டது. சின்னக் கீறல்தான், மஞ்சள் வைத்துவிட்டேன்.
— ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் வேலை. இதைப் படித்ததும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போன வருடம் போட்ட ரேபிஸ் ஊசி இன்னும் கணக்கில் இருந்தாலும் கடிபட்ட பிறகு பூஸ்டர் போட வேண்டும். ஊசியே போடாத நாய் என்றால் 0, 3, 7, 14, 28ஆம் நாள் என்று ஐந்து ஊசி போடுவது இங்கே வழக்கம். உங்கள் நாய்க்கு எத்தனை என்பதை டாக்டர் அதன் ஊசிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார். மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மஞ்சளைக் கழுவி எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, பிறகு பொவிடோன் அயோடின் தடவினால் போதும். நாய்க்கடியில் வெளியே தெரிவது சின்ன ஓட்டையாகத்தான் இருக்கும். கோரைப்பல் உள்ளே இறங்கி, தோலுக்கு அடியில் சதையைக் கிழித்திருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். முடி அடர்ந்த நாய்க்குக் காயத்தில் ஈ உட்கார்ந்து, இரண்டு மூன்று நாளில் புழு வைத்துவிடுவதும் நம் ஊரில் சகஜம். லேப்ரடாருக்குத் தொங்கும் காது வேறு. வலியில் தலையை உதறி உதறி, காது மடலுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டு பணியாரம் போல உப்பிவிடும். மடலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று தண்ணீர் தளும்புவது போல இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கு என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், புரூஃபன் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை விஷம்.

அடுத்து உங்கள் கை. ரத்தத்தைத் துடைத்தபோது விரலில் வெட்டோ, வெடிப்போ இருந்ததா? கடித்த நாயின் எச்சில் அந்தக் காயத்தில் பட்டிருந்தால் அதுவும் கடிபட்ட கணக்குதான். அரசு மருத்துவமனையில் காட்டி ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். தோலில் எந்தக் காயமும் இல்லை, கையைக் கழுவிவிட்டீர்கள் என்றால் பயம் இல்லை.

சோறு வைக்கும் அம்மாவின் உதவி உங்களுக்கு இப்போதே தேவை. கடித்தது எந்த நாய் என்று அவரிடம் அடையாளம் சொல்லி, பத்து நாள் கண்ணில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கடித்த அன்றிலிருந்து பத்து நாள் கழித்தும் அது நன்றாகத் தின்று நடமாடினால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம். செத்தாலோ காணாமல் போனாலோ டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

இனி தெருமுனைக்கு வருவோம். தனியாகப் போனால் உங்களைச் சீண்டுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் குறி நீங்கள் இல்லை. எல்லைக்குள் வரும் வேற்று நாயை வெளியே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவற்றின் நோக்கம். அந்த எல்லை பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலோ, டீக்கடையிலோ, சந்து முனையிலோ முடிந்துவிடும். அதைத் தாண்டியதும் நின்று குரைத்துவிட்டுத் திரும்பிவிடும். எனவே உங்கள் வேலை ஜெயிப்பது அல்ல, முதுகைக் காட்டாமல் வெளியேறுவது.

ஒரு மாதமாகத்தான் தொல்லை என்றால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. பகலில் நாய் இல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மடி தொங்கும் பெட்டை இருந்தால் பக்கத்தில் எங்கோ, சாக்கடை மேல்பலகைக்கு அடியிலோ நிறுத்திய வண்டிக்கு அடியிலோ குட்டிகள் இருக்கும். குட்டிக்குச் சுமார் இரண்டு மாதம் ஆகும்வரை அந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள். எந்த உபாயமும் தாய் நாயிடம் எடுபடாது. பருவத்துக்கு வந்த பெட்டை இருந்தால் கூட்டம் கூடும், புது ஆண் நாய்களும் வந்து சேரும். மார்கழி மாதத்து நாய் என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. உங்கள் நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை என்றால் அந்தச் சமயத்தில் மற்ற ஆண் நாய்கள் இவனைப் போட்டியாளனாகத்தான் பார்க்கும்.

நேரமும் சரியில்லை. ஒன்பதரைக்கு மேல் ஆள் நடமாட்டம் குறையும், தெரு அவற்றின் கைக்கு வந்துவிடும். சோறு வரும் நேரத்துக்கு முந்தைய அரைமணி நேரம் இன்னும் மோசம். பசியோடு கூடி நிற்கும், வேற்று நாயை விடவே விடாது. தின்று முடித்துப் படுத்த பிறகு அதே நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவதும் உண்டு. அந்த அம்மா எத்தனை மணிக்குச் சோறு வைக்கிறார் என்று கேட்டு உங்கள் நேரத்தை மாற்றுங்கள். பள்ளி வேன்கள் ஓடும் காலை ஏழு மணி இரவை விட எவ்வளவோ மேல்.

கையில் என்ன இருக்க வேண்டும்? ஐந்து அடி நீளத்தில் தட்டையான லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்) ஒன்று. பட்டனை அமுக்கினால் நீளும் டப்பா லீஷ் தெருநாய் இருக்கும் ஊருக்கு ஆகாது. ஆபத்தில் அதைச் சட்டென்று குட்டையாக்க முடியாது. அந்த மெல்லிய கயிறு விரலை அறுத்துவிடும். கழுத்துப் பட்டை மட்டும் போட்டால் பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். லீஷின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி மிச்சத்தை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள், 32 கிலோ ஒரே எட்டில் பாய்ந்தால் நீங்கள் முகம் குப்புற விழுவீர்கள்.

இன்னொரு கையில் தடிக்குப் பதில் பட்டன் குடை. தடியால் அடித்தால் நாலில் ஒன்று ஓடும், மற்றவை பின்னால் வந்து ஆடுசதையைக் கவ்வும். அடிபட்ட நாய் உங்கள் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் தனியாகக்கூட அந்தப் பக்கம் போக முடியாது. கால் ஒடிந்தால் சட்டமும் குறுக்கே வரும்: விலங்கை ஊனமாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குடை என்றால் நாயின் முகத்துக்கு முன்னால் தரையை நோக்கிச் சாய்த்து டப்பென்று விரித்தால் போதும். திடீரென்று பெரிதாகும் எதையும் நாய் நம்பாது. விரித்த குடை நடுவில் தட்டியாகவும் நிற்கும். ஆனால் முதலில் வீட்டுக்குள் உங்கள் நாய்க்கு அதைப் பழக்குங்கள். தூரத்தில் விரித்து ஒரு துண்டு சிக்கன், கொஞ்சம் பக்கத்தில் விரித்து இன்னொரு துண்டு என்று நாலைந்து நாள் செய்தால் பழகிவிடும். பழக்காமல் தெருவில் விரித்தால் உங்களை இழுத்துக்கொண்டு முதலில் ஓடுவது அவன்தான். பெப்பர் ஸ்ப்ரே வாங்காதீர்கள்; காற்று திரும்பினால் உங்கள் கண்ணிலும் அவன் மூக்கிலும்தான் இறங்கும்.

பாய்ந்து வரும்போது எல்லாக் குரைப்பையும் ஒன்றாக எடுக்காதீர்கள். பின்னால் துள்ளித் துள்ளி விட்டுவிட்டுக் குரைப்பவை பெரும்பாலும் கூட்டத்தோடு கோவிந்தா. சத்தமில்லாமல், வாலை விறைத்து, தலையைத் தாழ்த்தி, வைத்த கண் வாங்காமல் நெருங்குகிறதே ஒன்று, உங்கள் கவனம் அதன் மேல் இருக்கட்டும்.

ஓடாதீர்கள். நின்று, லீஷைக் குட்டையாக்கி உங்கள் நாயைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். குட்டையாக என்றால் விண்ணென்று இழுத்துப் பிடிப்பது அல்ல. கழுத்தில் இழுப்பு தெரிந்ததும் அவனும் உறும ஆரம்பிப்பான், அது அவற்றுக்கு அழைப்பு. பக்கத்தில் சுவரோ நிறுத்திய காரோ இருந்தால் முதுகை அதில் கொடுங்கள்; பின்னால் வர வழியிருக்காது. கண்ணுக்குக் கண் முறைக்காமல் மார்பைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு "ஏய், போ!" கீச்சுக்குரல் வேண்டாம், அது வெறியேற்றும். கல் எடுப்பது போலக் குனிவது நம் தெருநாய்களுக்கு நன்றாகப் புரிந்த பாஷை. முழங்காலை மடித்து, கண்ணை அவற்றின் மேல் வைத்தபடி குனியுங்கள். எறிய வேண்டியதில்லை. அவை தயங்கும் அந்த இரண்டு விநாடியில் வந்த வழியே பக்கவாட்டில் அடியெடுத்து வெளியேறுங்கள். முன்னேறிக் கடந்துவிடலாம் என்று முயன்றால் எல்லைக்குள் இன்னும் ஆழமாகப் போகிறீர்கள் என்று பொருள்.

ஒரே நாய் என்றால் ஒரு கைப்பிடி உலர்தீவனத்தை அதன் பின்பக்கம் விழுமாறு விசிறி எறியலாம், பொறுக்க நேரமாகும். நாலுக்கு இது ஆகாது, தீனிக்கு அடித்துக்கொள்ளும் சண்டையில் நீங்கள் நடுவில் மாட்டுவீர்கள்.

உங்கள் நாய்க்கும் ஒரு பாடம் உண்டு. "திரும்பு" என்றதும் உங்களோடு அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். ஹாலில் தினமும் ஐந்து நிமிடம், திரும்பியதும் வாயில் தீனி. பிறகு மாடியில், பிறகு வாசலில். நாய்கள் அறுபது எழுபது அடி தள்ளி இருக்கும்போதே இது பலிக்கும். பத்து அடியில் வந்த பிறகு எந்த நாயின் காதிலும் எதுவும் ஏறாது.

தம்பியின் யோசனை வேண்டவே வேண்டாம். லேப்ரடாருக்குத் தெருச்சண்டை தெரியாது. ஒன்று முன்னால் நிற்க, மற்றவை பின்னங்காலையும் வயிற்றையும் பிடிக்கும். மிரண்டு ஓடினால் மெயின் ரோட்டில் வண்டிக்கு முன்னால் போய் விழும். நீங்களே கீழே விழுந்து, சுற்றி வளைக்கப்பட்டால் மட்டும் லீஷை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கழுத்தையும் காதையும் மூடிச் சுருண்டு படுங்கள்.

தெருநாய் கவ்விய பிடியை விடாமல் இருக்கும்போது உங்கள் நாயைப் பின்னால் இழுத்தால் சதை கிழிந்துதான் வரும். வாய்க்குள் கையை விட்டால் அடுத்த கடி உங்களுக்கு. கடிக்கும் நாயின் மூக்கில் பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், அல்லது துப்பட்டாவைத் தலைமேல் போட்டு மூடுங்கள். கண் தெரியாமல் ஒரு கணம் பிடி தளரும். அப்போது குடையை நடுவில் சொருகுங்கள்.

நாய்களைப் பிடித்து வேறு ஏரியாவில் விடச் சொல்லி மாநகராட்சியைக் கேட்டால் நடக்காது. விலங்குக் கருத்தடை விதிகள் 2023 சொல்வது, கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டு அதே இடத்தில் விட வேண்டும் என்பதுதான். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் இதை ஒட்டியே உத்தரவிட்டது. அந்த உத்தரவில் ரேபிஸ் கண்ட அல்லது மூர்க்கமான நாய்களுக்கு விலக்கு உண்டு. கருத்தடை ஆன நாய்க்குக் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். நாலில் எத்தனைக்கு அது இல்லை என்று அந்த அம்மாவோடு சேர்ந்து எண்ணுங்கள். அவர் கூப்பிட்டால் வாலாட்டி வரும் நாயைப் பிடிப்பது வண்டிக்காரர்களுக்கும் சுலபம். சோறு வைக்கும் இடத்தைக் குப்பைத்தொட்டி முனையிலிருந்து ஆள் போகாத மூலைக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் புழங்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது.

மாநகராட்சியின் உதவி எண் 1913க்கு அழைக்கும்போது தெருப்பெயர், பக்கத்து வீட்டு எண், நாய்களின் நிறம், எத்தனைக்குக் காதில் வெட்டு இல்லை, எந்த நேரத்தில் அங்கே கிடைக்கும், எந்தத் தேதியில் கடித்தது என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காது ஆறும்வரை உங்கள் நாய்க்கு மொட்டைமாடி நடையே போதும். பிறகு காலையில், எதிர்ப்பக்கத் தெருவில் ஆரம்பியுங்கள்.