சவுரி வைத்தால் தலைக்குக் குளிக்கக் கூடாதா?

காரைக்குடியில் முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி சவுரியைப் பற்றித்தான். சில வருஷமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெளியூரில் படிக்கும், வேலை பார்க்கும் பெண்கள் தலை முழுக்கப் பொடிப்பொடியாகப் பின்னி, செயற்கை முடி சேர்த்துக்கொண்டு லீவுக்கு வருகிறார்கள். பாக்ஸ் பிரெய்டு என்பது இதுதான். வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, அதைப் பார்த்து மிரண்டுபோகிறார். பின்னல் எதுவானாலும் தலைத்தோல் அழுக்காகவே கிடக்கக் கூடாது என்பதுதான் எனக்குக் கவலை. இந்த முறை வந்த கேள்விகளும் அதையொட்டியே இருக்கின்றன.

பெங்களூரில் பாக்ஸ் பிரெய்டு போட்டு மூன்று வாரமாகிறது. தண்ணீர் பட்டால் கலைந்துவிடும் என்று சொன்னதால் தலைக்கே குளிக்கவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து நமநமவென்று அரிக்கிறது. பிரித்துவிடட்டுமா அக்கா? (பள்ளத்தூர்)

பிரிக்க வேண்டாம், முதலில் தலைக்குக் குளியுங்கள். இன்றைக்கே. முகத்தை மூன்று வாரம் கழுவாமல் இருப்பீர்களா? தலையிலும் இருப்பது தோல்தானே. எண்ணெய்ப் பசை, வேர்வை, உதிர்ந்த செதில், நம்ம ஊர்ச் செம்மண் தூசி எல்லாம் வகிட்டுக் கோடுகளில் படிந்து கிடக்கின்றன. அரிப்புக்கு அதுவே போதும்.

குளிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மூக்கு நீண்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஒரு பங்கு ஷாம்பு, ஐந்தாறு பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். பாட்டில் மூக்கை வகிட்டில் வைத்து, ஒவ்வொரு கோடாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விரல் நுனியின் சதையால் அழுத்தி அழுத்தித் தேயுங்கள், நகம் படவே கூடாது. முடியை உச்சியில் குவித்துக் கசக்கவும் கூடாது, அப்படிச் செய்தால்தான் பின்னல் சிலும்பும். நுரை மேலிருந்து கீழே வழியும்போதே பின்னலின் அழுக்கையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அலசல். தேய்த்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். உள்ளே தங்கும் ஷாம்புதான் காய்ந்து வெள்ளைப் பொடியாக வெளியே வரும், அதைப் பொடுகு என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். கண்டிஷனர் போடுவதானால் வேரில் படாமல் நுனிப்பக்கம் மட்டும்.

சீயக்காய்ப் பொடி, அரப்பு, வெந்தய விழுது மூன்றும் பின்னல் இருக்கும்வரை வேண்டாம். நல்ல பொருள்கள்தான், ஆனால் திப்பி பின்னலுக்குள் மாட்டிக்கொண்டால் எத்தனை குடம் ஊற்றினாலும் வராது.

காயவைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பருத்தித் துண்டால் ஒவ்வொரு பின்னலாகப் பிழிந்து எடுத்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள். வெளியே காய்ந்தாற்போலத் தெரிந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். வேருக்குப் பக்கத்தில் ஒரு பின்னலைக் கிள்ளி உதட்டில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அதனால் காலையில் குளிப்பதே நல்லது. ஈரத்தோடு படுத்தால் இரண்டே நாளில் மக்கின வாடை வரும். டிரையரைச் சூடாக வைக்காதீர்கள், செயற்கை முடி சுருண்டுவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்கு வாரம் ஒருமுறையாவது இப்படிக் குளிக்க வேண்டும். நடுவில் வேர்த்தால் ஈரத்துணியை விரலில் சுற்றி வகிடுகளைத் துடைத்துக்கொள்ளலாம். இவ்வளவு செய்த பிறகும் அரித்தால், அந்த முடியின் மேலிருக்கும் பூச்சு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கலாம். அப்போது பிரித்துவிடுங்கள். அடுத்த முறை புது முடியை முன்கூட்டியே அலசிக் காயவைத்துக் கொண்டு போங்கள்.

பின்னல் போட்ட நாளிலிருந்து நெற்றியோரம் விண்விண்ணென்று வலிக்கிறது. சின்னச் சின்னப் பருவும் வந்திருக்கிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். (தேவகோட்டை)

சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். இந்தப் பின்னல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அவர்களுடைய சுருள்முடி பின்னலைத் தானே கவ்விப் பிடித்துக்கொள்ளும். நம்முடையது பெரும்பாலும் நேர்முடி, வழுக்கும். நழுவாமலிருக்க வேரில் இறுக்கி இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த இழுப்பில் முடி உதிர்ந்தால், சீக்கிரமாகத் தளர்த்திவிட்டால் திரும்ப முளைக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு அந்த இடத்தில் முடி வராது. நெற்றியோரத்துப் பின்னல்களை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பருவில் சீழ் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கனமான சவுரி, அதன்மேல் குஞ்சலம், ஜடைநாகம், அதற்கும் மேல் முழம் முழமாக மல்லிகை என்று ஏற்றிக்கொள்ளும் மணப்பெண்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வரவேற்பு முடிந்ததும், போட்டோவுக்கு நின்றது போதும் என்று இறக்கி வைத்துவிடுங்கள்.

தலையில் பொடுகு. சவுரி வைத்துப் பின்னுமுன் தேங்காய் எண்ணெய் ஊற வைத்தால் போகும் என்கிறார் எங்கள் ஆச்சி. (கானாடுகாத்தான்)

ஆச்சி பாசத்தில் சொல்கிறார். ஆனால் பொடுகில் பெருகும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்குத் தலையின் எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. அதன்மேல் இன்னும் எண்ணெய் ஊற்றி, சவுரியையும் சேர்த்துப் பின்னி மூடிவைத்தால் அது கொழுக்கும். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். வாரம் இரண்டு முறை, தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை தொடரலாம். பொடுகு அடங்கிய பிறகு சவுரி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஆசை விடாது என்றால் முடியின் நுனிக்கு மட்டும் தடவுங்கள்.

மகளின் அரங்கேற்றத்துக்காக வாங்கிய சவுரி, பீரோவில் இருந்து எடுத்தால் ஒரு வாடை அடிக்கிறது. நல்ல முடி, விலையும் அதிகம். (காரைக்குடி)

சவுரியின் மேல்முனையில் நூல் சுற்றிக் கட்டியிருக்கும் முடிச்சை மோந்து பாருங்கள், வாடை அங்கிருந்துதான் வரும். ஒருமுறை ஒரு வீட்டில் அப்படியொரு முடிச்சைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நூல் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது, ஆடி முடித்த வேர்வையும், நசுங்கிய கனகாம்பர இதழ் ஒன்றும் அப்படியே ஒட்டியிருந்தன.

முதலில் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து, முடிச்சைப் பிடித்துக்கொண்டு முக்கி முக்கி எடுங்கள், துணி மாதிரி கசக்க வேண்டாம். முடிச்சை மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்கலாம். அலசி, துண்டில் ஒற்றி, நிழலில் நுனி மேலேயும் முடிச்சு கீழேயும் இல்லாமல், முடிச்சு மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது ஈரம் முடிச்சில் தேங்காமல் கீழே இறங்கும். வளவில் காற்றோட்டமான மூலை போதும், மொட்டை மாடி வெயில் முடியை வறட்டிவிடும். இரண்டு நாள் காயட்டும். பிறகு பாலித்தீன் பையில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

அக்கா தங்கைகள் மூன்று பேரும் ஒரே சவுரியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமா? (புதுவயல்)

வேண்டாம். ஒருவர் தலையின் பேன் மற்ற இருவருக்கும் போய்விடும். ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் பின்னலைப் பிரித்தே ஆக வேண்டும், பேன் சீப்பு பின்னலுக்குள் போகாது. சவுரியை இறுக்கி மூடிய பையில் இரண்டு வாரம் வைத்துவிட்டால் ஈரும் பேனும் செத்துவிடும்.

போர் தண்ணீரில் ஷாம்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. (காரைக்குடி)

உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினநீர். முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துவைத்துப் புழங்கிய வீடுகள்தானே நம்முடையவை. மழைநீர் மென்நீர், நன்றாக நுரைக்கும். கிடைக்காத காலத்தில், கடைசி அலசலுக்காவது ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.

ஆறு வாரம் கழித்துப் பின்னலைப் பிரித்தேன். கை நிறைய முடி வந்தது. அழுதுவிட்டேன். வழுக்கையாகிவிடுமா? (தேவகோட்டை)

அழாதீர்கள் தங்கச்சி. எல்லாருக்கும் தினம் 50 முதல் 100 முடி வரை உதிரும். வழக்கமாக அது சீப்போடும் குளியலறைத் தண்ணீரோடும் போய்விடும். உங்களுக்கு அது 42 நாளாகப் பின்னலுக்குள்ளேயே மாட்டிக் கிடந்தது. கணக்குப் போட்டால் 2100-லிருந்து 4200 வரை வருகிறது. வந்த முடியில் சிலவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது இயல்பாக உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் பாதியில் அறுந்த துண்டுகளே நிறைய இருந்தால் பின்னல் இறுக்கமாக இருந்திருக்கிறது. எப்படியானாலும் அடுத்த பின்னலுக்கு ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுமுன் விரலாலேயே சிக்கெடுத்துவிடுங்கள், உதிர்ந்த முடியோடு நனைந்தால் சடை பிடித்துக்கொள்ளும்.